அப்பாவும் எல்லை தாண்டி வந்த இன்ஜின்களும்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவாக இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அப்பாவை நினைத்தாலே எனக்கு முதலில் கேட்பது இன்ஜின் ஹாரன்தான். அந்தச் சத்தத்தில் எங்கே அழுவது!

காரியத்தன்றே சித்தப்பா கேட்டார். "ஏம்மா, அண்ணனைக் கடைசிக் காலத்துல ஊருக்குக் கூட்டியாராம அந்த ஷார்ஜாவுலயே வச்சிருந்துட்டியே?" உங்களில் பலர் கேட்காமல் மனதுக்குள் வைத்திருக்கிறீர்கள். பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது அரக்கோணத்தில். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தாத்தா தவறிவிட்டார். ராணுவத்தில் இருந்த மாமா ஒருவர் அப்பாவைப் பஞ்சாபுக்கு அழைத்துப் போய், அட்டாரி எல்லை ரயில் நிலையத்தில் சரக்கு இறக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார். பாஷை தெரியாது, குளிர் தாங்காது, சாப்பாடு இறங்காது. அப்பாவை அங்கே தங்க வைத்தது லாகூரிலிருந்து வரும் சரக்கு ரயில்தான். எல்லையில் கேட் திறக்கும்வரை இன்றைக்கு எந்த இன்ஜின் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் மூக்கு நீண்ட அமெரிக்க இன்ஜின், ஒரு நாள் ஜப்பான்காரன் செய்தது, இன்னொரு நாள் பெயின்ட் வாசனை போகாத சீன இன்ஜின்! நம் பக்கம் மட்டும் லேசுப்பட்டதா? இன்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட்டுக்கு ஷெட் ஒரு நிறம். அப்பா இதைச் சொல்லத் தொடங்கினால் தட்டில் சோறு ஆறிப்போகும். அம்மா முறைக்க முறைக்க, ஒவ்வொரு இன்ஜினின் ஹாரனையும் வாயாலேயே ஊதிக் காட்டுவார்.

திருமணத்துக்குப் பிறகு அப்பா வளைகுடாவுக்கு வந்தார். பர் துபாயில் அவர் இருந்த ரூமில் மேல் கட்டில்காரர் பாகிஸ்தானைச் சேர்ந்த அக்ரம் பாய். லாகூரில் இன்ஜின் டிரைவருக்கு உதவியாளராக இருந்து, சரக்கு ரயிலில் அட்டாரிவரை வந்து போயிருக்கிறேன் என்று ஒரு நாள் சாப்பிடும்போது அவர் சொல்ல, அப்பா சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து அவரைக் கட்டிக்கொண்டாராம். எந்த நாட்டு இன்ஜின் அழகு என்று அன்று தொடங்கிய சண்டை கடைசிவரை ஓயவில்லை. வேடிக்கை என்னவென்றால், அப்பா பாகிஸ்தான் இன்ஜினுக்காகச் சண்டை போடுவார், பாய் நம்முடையதற்காக. லாகூர்-அட்டாரி பாதையில் ரயில் நின்றுபோன செய்தி வந்த அன்று மட்டும் இருவரும் ஒரு கேரளத்து டீக்கடையில் சண்டை போடாமல் டீ குடித்துவிட்டு எழுந்தார்கள்.

இரண்டு அத்தைகளையும் கரையேற்றியவர், என்னைப் படிக்க வைத்தவர், யாரையும் கடிந்து பேசாதவர் அப்பா. அம்மா போன பிறகு ஷார்ஜாவில் எங்களோடு இருந்தார். நுரையீரல் கெட்டுவிட்டது, இனி அதிக காலம் இல்லை என்று டாக்டர் சொன்னதும் என் கணவர் சென்னைக்கு டிக்கெட் பார்த்தார். அப்பாவோ, அதற்கு முன்னால் பாயோடு போய் ஒரு ரயில் பார்க்க வேண்டும் என்றார்.

லீவு நாளில் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஃபுஜைரா மலைப்பக்கம் போனேன். கல் ஏற்றிய சரக்கு ரயில் அந்த வழியாகத்தான் போகும். வெயிலில் வேலி ஓரம் வெகுநேரம் நின்றோம். தூரத்தில் ஹாரன் கேட்டதும் அப்பா என் கையை உதறிவிட்டு முன்னால் போனார். என்ன வேகம் என்கிறீர்கள்! சாம்பல் நிற இன்ஜின் தரை அதிர எங்களைக் கடந்தது. பாய் கைதட்டினார். எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் ரயிலின் வாலிலும் ஓர் இன்ஜின் இருந்ததைப் பார்த்ததும் இருவர் முகமும் வாடிவிட்டது.

"வாபஸ் பேஜ் தியா" என்றார் பாய்.

அப்பாவும் தலையாட்டினார். "திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. பேப்பர் சரியில்ல போல." அட்டாரி எல்லையில் சரக்கை ஏற்க மறுத்தால் வாலில் இன்ஜின் மாட்டித்தான் வந்த வழியே இழுத்துப் போவார்களாம். இங்கே முன்னும் பின்னும் இன்ஜின் மாட்டுவதே வழக்கம், அது எல்லையே தாண்டாத ரயில் என்று நான் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் பாருங்கள், அப்பாவை நான் கடைசியாக அப்படிப் பார்த்தது அன்றுதான்.

அப்பாவைத் தாங்கிய மருத்துவர்களுக்கும், மலையாளத்து நர்ஸ் அம்மாவுக்கும், உடலை ஊர் கொண்டுவர அலைந்த நண்பர்களுக்கும், அரக்கோணத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கட்டிச் செய்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தினமும் டியூட்டி முடிந்து நேராக அப்பாவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்த பாய்க்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்.

சித்தப்பா, அன்று திரும்பும் வழியில் நான் டிக்கெட் பேச்சை எடுத்தேன். பின் சீட்டில் பாய் தூங்கிப்போயிருந்தார். அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஊருக்குப் போனா எல்லாரும் வந்து பார்ப்பாங்கம்மா. இவருக்கு மட்டும் விசா தரமாட்டாங்க. நான் இங்கயே இருந்துடறேன்."