ஸ்டெல்லா அக்கா நடந்தார், நாங்கள் சுட்டோம்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். இன்று காலை, சதுரங்கப்பட்டினத்தில், தூக்கத்திலேயே.

பக்கத்து வீட்டு அம்மா அக்காவின் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். "நீ யாருப்பா, தம்பியா? சாயங்காலத்துக்குள்ள எடுக்கணும்னு மாதா கோயில்ல சொல்லிட்டாங்க. குப்பத்து ஆம்பளைங்க எல்லாம் கடலுக்குப் போய்கிறாங்க. பொட்டி தூக்க நாலு பேர் இல்லப்பா..."

நான் மஸ்கட்டில் இருக்கிறேன். எந்த ஃபிளைட்டைப் பிடித்தாலும் நாளைக்குத்தான் வந்து சேர முடியும்.

செங்கல்பட்டு, கல்பாக்கம், மாமல்லபுரம் பக்கம் நம்ம சென்டர் ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால்... கெஞ்சிக் கேட்கிறேன், கிளம்புங்கள். ஆர்ஐபி எல்லாம் வேண்டாம். வண்டியை எடுங்கள்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு... தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் செருப்புக் கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன்களோடு பேச்சுவார்த்தையும் இல்லை. அவரிடம் டைப்பிங்கும் எக்செல்லும் படித்த நாங்கள்தான் இருந்தோம்.

கிளாஸ் முடிந்ததும் கடைசி சிஸ்டத்தில் அந்தத் துப்பாக்கி கேமைப் போடுவார். விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடுமே, அது. திரையின் அடியில் துப்பாக்கி முனை, கட்டம் கட்டமாகச் சுவர், மூலைக்கு மூலை பேய்.

முதல் நாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாடா வேடிக்க பாத்துகினு கீற? ஒக்காரு. நான் நடக்குறேன், நீ சுடு" என்றார்.

அக்காவுக்குச் சுட வராது. பேய் வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். ஆனால் நீலச் சாவி எங்கே, எந்தச் சுவரைத் தட்டினால் திறக்கும்... எல்லாம் அத்துப்படி.

அதனால் நடக்கிற அம்புக்குறி கீ நான்கும் அக்காவுக்கு, சுடுகிற கன்ட்ரோல் கீ எங்களில் ஒருவருக்கு. ஒரே கீபோர்டில் முழங்கை இடித்துக்கொண்டு ஆடுவோம்.

நாம் பதறி நின்றால் போச்சு. "கண்ணத் தொறந்துகினு கீறவன் நீதானடா, கஸ்மாலம்! சுடுடா!" கத்துகிற ஆளுக்குக் கண் மூடியே இருக்கும்.

ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் "மாதாவே" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பேஸ் பாரைத் தட்டுவார். கொஞ்ச நாளில் எங்கள் எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது. எங்களோடு படித்த சலீமுக்கும்தான்.

பிறகு ஒருமுறை மாமல்லபுரத்தில் ஒரு நெட் சென்டரில் போட்டி வைத்தார்கள். பத்துப் பதினைந்து பேர், ஒரே மேப்பில், ஒருவரை ஒருவர் சுடவேண்டும். அக்காவும் எங்கள் கிளாஸ் தீபாவும் பெயர் கொடுத்தார்கள்.

"ஒரு சிஸ்டத்துக்கு ஒரு ஆள்தான் மேடம்" என்றான் அங்கிருந்தவன். "ரெண்டு பேர் ஒக்காந்தா உன் சிஸ்டம் உளுந்துடுமா?" என்று அக்கா போட்ட போட்டில் விட்டுவிட்டான்.

விட்டும் என்ன... எல்லோரும் சுட்டுக்கொண்டிருக்க, அக்கா ஒவ்வொரு சுவராகத் தட்டிச் சாவி தேடிக்கொண்டிருந்தார். அந்த கேமில் சாவியே கிடையாது! முதுகிலேயே வாங்கி வாங்கிச் செத்தார்கள்.

செங்கல்பட்டு பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. "சாவி இல்லாம இன்னா கேமுடா அது? த்தூ!" தீபா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள்.

ஐயோ! லைக் வருகிறது, அழுகிற எமோஜி வருகிறது... யாராவது கிளம்பினீர்களா இல்லையா? போனையாவது எடுங்களேன்டா!

எடிட்: சலீம் கருங்குழியிலிருந்து கிளம்பிவிட்டான். தீபா கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வருகிறாள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். யாராக இருந்தாலும் சரி. அக்காவைத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

எடிட்: வேறு யாரும் வரவில்லை. சலீம், தீபா, பக்கத்து வீட்டு அம்மா, கோயிலில் மணி அடிக்கிற பெரியவர்... இவர்கள்தான் தூக்கினார்கள். "பொம்பளைங்க தூக்கறதா?" என்று ஒருவர் கேட்டாராம். "அப்ப நீ வந்து தூக்கு" என்றாராம் அந்த அம்மா. ஆள் நழுவிவிட்டாராம்.

சலீம் வீடியோ காலைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எனக்கு வானமும் அவன் மூச்சு வாங்குகிற சத்தமும்தான். பெட்டியை மூடுவதற்குள் முகத்தைக் காட்டுடா என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் போனை எடுத்து அக்கா பக்கம் திருப்பினான். நெட் நின்றுவிட்டது. வட்டம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுபடி லைன் கிடைத்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். "உனுக்காக நிறுத்தி வெச்சேன் மச்சான். ஃபாதர் வேற ஊருக்குப் பூசைக்குப் போவணும்னாரு. நான் இன்னாடா பண்ணுவேன்" என்று சலீம் அழுதான்.

பார்க்கவில்லை அக்கா. உங்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

போய் வாங்க.