மினிட்ஸ் புத்தகத்தில் இரண்டு வரி

பால் சொசைட்டியில் இருபத்தாறு வருடம் பால் சோதித்தவள் சோசம்மா. பங்குத்தந்தை வீட்டுப் பாலையே தண்ணீர் அதிகம் என்று ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். யாரையும் எளிதில் நம்ப மாட்டாள். அதனால் கைக்காரர் இட்டியவிரா ஒரு நேந்திரன் வாழைக்குலையோடு அவள் வீட்டுப் படியேறி வந்தபோது அவள் மகிழவில்லை.

இட்டியவிரா ஊரில் பெரிய மனிதர். தேவாலயத்தின் நிலபுலன்களுக்குப் பொறுப்பானவர். பொதுக்கூட்டம் எடுக்கும் எந்த முடிவிலும் பங்குத்தந்தையான அச்சன் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து இருந்தாக வேண்டும். பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டு கிடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

"நம்ம குரியச்சன் இந்தத் தடவை பொதுக்கூட்டச் செயலாளரா நிக்க முடியாது. மூணு முறை முடிஞ்சுபோச்சு. நீ நில்லு மோளே. எதிர்த்து யாரும் வராம நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் போனதும் கணவன் சாக்கோ ஒரு காயைப் பிய்த்து அழுத்திப் பார்த்தான். "எடீ, எவ்வளவு பெரிய கௌரவம்!"

"முப்பது வருஷமா இந்தப் படி அவரு கண்ணுக்குத் தெரியலை. இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுது? பொம்பளைன்னா நீட்டுன எடத்துல கையெழுத்துப் போடுவான்னு நெனைக்கிறாங்க."

"அப்ப முடியாதுன்னு சொல்லிடு."

"எதுக்கு? நின்னாத்தானே என்னன்னு பாக்க முடியும்!"

போட்டியில்லாமல் தேர்வானாள். பொறுப்பை ஒப்படைத்த குரியச்சன் மினிட்ஸ் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "பழசையெல்லாம் புரட்ட வேண்டாம் சேச்சி, எல்லாம் சரியா இருக்கு" என்று சிரித்தார். சோசம்மா வீட்டுக்கு வந்ததும் பழசைத்தான் முதலில் புரட்டினாள்.

ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பிலும் கடைசி முடிவுக்கும் கையெழுத்துகளுக்கும் நடுவே நாலு விரல் இடம் காலியாக இருந்தது. போன ஆவணி மாதக் கூட்டக் குறிப்பில் மட்டும் அந்த இடம் நிரம்பியிருந்தது. மையின் நீலம் வேறு, எழுத்து நெருக்கம். கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு ஓரமாக எட்டடி அகலத்தில் வழி விடத் தீர்மானிக்கப்பட்டது என்று இரண்டு வரி. அந்தப் பக்கம் புது வீடு கட்டுவது குரியச்சனின் மருமகன். ஆவணிக் கூட்டத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள். வழி என்ற பேச்சே அங்கு எழவில்லை.

கீழே இட்டியவிராவின் கையெழுத்து.

மறுநாள் காலை புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து நின்று அவள் தலைக்கு மேலாக எங்கோ பார்த்து வரவேற்றார். அந்தப் பார்வை அவளுக்கு நெருடியது. புத்தகத்தைத் திறந்து வேண்டுமென்றே தலைகீழாக நீட்டினாள்.

"அச்சாயா, இது உங்க கையெழுத்துதானே?"

அவர் புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனார். "ஆமா, என்னோடதுதான். ஏன்?"

புத்தகம் அவர் கையில் தலைகீழாகவே இருந்தது. சோசம்மா அதை வாங்கி, அந்த இரண்டு வரியையும் படித்துக் காட்டினாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமா எழுத்தெல்லாம் புகையாத் தெரியுது. குரியச்சன் விரல் வெச்ச எடத்துல போட்டுடுவேன். அவன் ஏதோ செய்யறான்னு சந்தேகம். யார்கிட்ட படிச்சுக் காட்டச் சொல்றது? எல்லாரும் அவன் ஆளுங்க. நீ ஒருத்திதான் யாரையும் நம்ப மாட்டே. அதான் உன்னை நிக்கச் சொன்னேன்."

"கண்ணு தெரியலைன்னு சொல்லிட்டு பொறுப்பை விட்டு எறங்கியிருக்கலாமே?"



அடுத்த பொதுக்கூட்டத்தில் அவள் அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தாள். குரியச்சன் துள்ளி எழுந்தார். "கைக்காரர் படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டார்? கேளுங்க அவரை!"

மண்டபம் இட்டியவிராவைப் பார்த்தது. சோசம்மா புத்தகத்தை மூடினாள். கண் விஷயத்தை அவர்தான் சொல்ல வேண்டும். நாற்காலி முதுகைப் பிடித்து எழுந்தவர், "நான் படிக்கலை. எனக்குக் கண்ணு தெரியலை. அந்த எடம் அப்ப காலியா இருந்துச்சா, எழுதியிருந்துச்சான்னுகூட எனக்குத் தெரியாது" என்றார்.

"ஆவணியில இங்க இருந்தவங்க கையைத் தூக்குங்க" என்றார் அச்சன். நாற்பது கைகளுக்கு மேல் உயர்ந்தன. "வழி விடறதைப் பத்திப் பேச்சு வந்துச்சுன்னு சொல்றவங்க மட்டும் தூக்கின கையை எறக்குங்க." குரியச்சனின் கையும் அவர் தம்பியின் கையும்தான் இறங்கின.

இரண்டு வரியும் ரத்தாயின. இட்டியவிரா அன்றே விலகினார். இனி முடிவுகளைக் கூட்டத்திலேயே வாசித்த பிறகுதான் கையெழுத்து என்றும், மிச்ச இடத்தைக் கோடு போட்டு அடைக்க வேண்டும் என்றும் சோசம்மா தீர்மானம் கொண்டுவந்தாள். அது ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதாக என்றதும் அவளுக்கு உறுத்தியது. குரியச்சனும் கை தூக்கினாரா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தூக்கியிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது சாக்கோ, "பாவம் அந்த மனுஷன், நீ வீணாச் சந்தேகப்பட்டே" என்றான்.

"வீணா எங்க? கண்ணு தெரியாமயே ரெண்டு வருஷம் நாற்காலியை விடலையே" என்றாள் சோசம்மா.