குறையில்லாத ஸ்டேஷன்

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத மனிதர் ஆறு சூழ்ந்த ஒரு குடியிருப்புக்கே வெளிச்சம் கொடுத்தார் என்றால் நம்பித்தான் ஆக வேண்டும். லைட்டுக்காரர் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. ஓட்டை டீசல் இன்ஜினைத் தட்டி நிமிர்த்தி, வீட்டுக்கு ஒரு பல்பு எரியவிட்ட கை அது. அரசாங்கம் சோலார் ஸ்டேஷன் வைத்தபோது பொறுப்பு வேறு யாரிடம் போகும்? இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, சோலார் தகடுகளைப் பெற்ற பிள்ளையைப் போலத் துடைத்தார்.

வீட்டுக்கு வீடு ஃபேன், டிவி என்று ஏறியதும் ஸ்டேஷன் திணறியது. பொழுது சாய்ந்தால் பேட்டரி படுத்துவிடும். நுரையீரல் கெட்டுப்போன அவர் மனைவிக்கு உயிராக இருந்த மூச்சு மெஷினும் நின்று நின்றுதான் ஓடும்.

அந்தச் சமயத்தில், கரண்ட் பற்றாத இடங்களுக்குக் கூடுதல் பேட்டரி தர ஆய்வுக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

"உள்ளத உள்ளபடி சொல்லுங்க. பத்தலைன்னு வாயத் தொறந்து கேளுங்க," என்றாள் மனைவி.

"நான் பாக்குற ஸ்டேஷன்ல குறைன்னு நானே சொல்லவா? எம்பேரு என்னத்துக்கு ஆகும்?"

"பேர வச்சு மெஷின் ஓட்டுவீங்களோ?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆய்வு நாளன்று காலையிலேயே வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். விருந்தாளி வந்தால் கிழிந்த பாயை மறைப்பதில்லையா? ஊரும் அப்படித்தான் நினைத்து அணைத்தது.

அதிகாரி மீட்டரைப் பார்த்தார். பேட்டரி நிறைகுடம்.

"ஏதாவது குறை இருக்கா பெரியவரே?"

"நம்மகிட்ட குறையா? வேற எடம் பாருங்க சார்."

பார்த்தார்கள். பேட்டரி லாரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது.

மழைக்காலத்தில் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. யாருக்கும் தலை வணங்காத மனிதர், "எல்லாத்தையும் அணைங்கப்பா, அவ மெஷினுக்கு விடுங்க," என்று வாசல் வாசலாகக் கெஞ்சினார்.

"அன்னைக்கு மாதிரியே அணைச்சிட்டோம்ணே," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பேட்டரியில் இருந்தால்தானே? பட்டப்பகலில் மெஷின் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகப் படகு வருவதற்குள், அவர் கையைப் பற்றியிருந்த மனைவியின் பிடி தளர்ந்துவிட்டது.

அடுத்த ஆய்வுக்கும் அதே அதிகாரிதான் வந்தார். வெயில் கொளுத்தியது.

"பத்தல சார்," என்றார் லைட்டுக்காரர்.

"மீட்டர் ஃபுல்லா காட்டுதே பெரியவரே?"

"இப்ப காட்டுது."