தலை நாற்பத்தொன்று

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவனுக்கும் வாய் இருந்தது, நேரத்துக்குத் திறக்காது, அவ்வளவுதான். "சாப்பிட்டியா?" என்று யாராவது கேட்டால் பதிலைத் தேடிப் பிடித்து நாக்கு நுனிக்குக் கொண்டுவருவதற்குள் கேட்டவர் அடுத்த கட்டடத்துக்குப் போயிருப்பார். முகத்தைப் பார்த்துப் பேசவும் வராது. எதிரில் நிற்பவரின் சட்டையில் இரண்டாவது பொத்தானைத்தான் பார்ப்பான். ஆள் வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கி நடப்பான் என்பதால் கல்லூரியில் அவனுக்குச் 'சுவரொட்டி' என்று பெயர். வைத்தவன் யாரோ, கெட்ட எண்ணத்தில் வைத்திருக்க மாட்டான்.

மின்னியல் இரண்டாம் ஆண்டு. விடுதியில் இரண்டு கட்டில் போட்ட அறை. கூட இருந்தவன் மூன்றாம் நாளே, "பேசாதவன்கூட ஒரே ரூம்ல இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் சார்" என்று வார்டனிடம் சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினான். அந்தக் கட்டிலில் சுவரொட்டி ஒரு சாமானும் வைக்கவில்லை. வாரம் ஒருமுறை விரிப்பை உதறி மறுபடி போட்டு வைப்பான், யாராவது வந்தால் இருக்கட்டும் என்று. ஒன்றரை வருஷம் உதறினான்.

அவனுக்குப் பெரிய பயம் கேன்டீன்தான். இருநூறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடம். எந்த மேசையில் உட்காருவது, உட்கார்ந்தால் யாரைப் பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது? முதல் வருஷம் முழுக்கக் கடை பன்னும் வாழைப்பழமுமாக அறையிலேயே ஓட்டினான். வயிறு எத்தனை நாள் பொறுக்கும்? வலி வந்து ஒருநாள் சுருண்டு கிடந்தபோதுதான் ஒரு முடிவுக்கு வந்தான்.

ஆய்வுக்கூடத்தில் எந்தக் கருவிக்கும் எடுத்த எடுப்பில் முழு மின்னழுத்தம் கொடுக்க மாட்டார்கள். கொஞ்சம் கொடுத்து, முள்ளைப் பார்த்து, அளவைக் குறித்துக்கொண்டு பிறகு கொஞ்சம் ஏற்றுவார்கள். கூட்டத்தையும் அப்படியே பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தான். நாலணாப் பெறாத ஒரு சின்ன நோட்டை வாங்கிக் கட்டம் போட்டான். தேதி, மணி, எந்த வாசல், எத்தனை தலை, எத்தனை நிமிஷம் உட்கார முடிந்தது. தன் தலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் வரி: மூன்று இருபது, பின்வாசல், தலை நான்கு, நிமிஷம் இரண்டு. ஒரு கூட்டத்தில் பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் அதிகக் கூட்டம். வருஷம் முடிவதற்குள் மதியம் ஒரு மணிக்கு முன்வாசல் வழியாகப் போய், ஜன்னலோர மேசையில் தன் வகுப்பு ஆட்களோடு உட்கார வேண்டும். பாவம், அவன் ஆசை இவ்வளவுதான்.

இந்த ரகசியம் தெரிந்தது ஒரே ஆளுக்கு, டீ ஊற்றும் கேன்டீன் அக்காவுக்கு. என்ன எழுதுகிறான் என்று ஒருநாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள், பதில் வரும்வரை நின்றாள். அவனுக்காக அப்படி நின்றவர்கள் குறைவு.

"இன்னிக்கு எத்தனை தலை தம்பி?"

"நாப்பத்தொண்ணுக்கா."

"அடேயப்பா! எத்தனை நிமிஷம்?"

"பத்து."

"போற போக்கைப் பாத்தா நீ மேடையேறிப் பேசிருவ போலிருக்கே!"

அவன் சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் போனவன் நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டான்.

நோட்டை எடுத்தது அவன் வகுப்புப் பெண் ஒருத்தி. யாருடையது என்று பார்க்கப் புரட்டினாள். பெயர் இல்லை. வாசல், மணி, தலை. அந்த வாரம்தான் எங்கேயோ ஒரு கல்லூரியில் நடந்த அசம்பாவிதத்தைக் காட்டி, 'சந்தேகமான நடத்தையை உடனே தெரிவியுங்கள்' என்று எல்லா வகுப்பிலும் சுற்றறிக்கை படித்திருந்தார்கள். அவள் பயந்துபோய் அலுவலகத்தில் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். படித்துப் பட்டம் வாங்கிப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மாவா?

கேன்டீன் கேமராவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாள் காலை நீள மேசைக்கு அந்தப்புறம் ஐந்து பேர். இந்தப்புறம் அவனும் அம்மாவும். அம்மா தையல் கடையில் துணி திருத்துகிறவள். கல்லூரியிலிருந்து போன் வந்த வேகத்தில், கழுத்தில் கிடந்த அளவுநாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். அவன் பையைக் கவிழ்த்தார்கள். திருப்புளி, கம்பி வெட்டி, டேப். ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மின்னியல் படிக்கிற பிள்ளையின் பையில் மல்லிகைப்பூவா இருக்கும்?

"எதுக்குத் தலையை எண்ணின?" என்றார் முதல்வர்.

பதில் இருந்தது. கிளம்பியும் விட்டது. அவன் பொத்தானைப் பார்த்தபடி இருந்தான்.

"பாத்தீங்களா, வாயே திறக்க மாட்டேங்கிறான். முறைக்கிறான் வேற," என்றார் பாதுகாப்பு அதிகாரி. "மாசா மாசம் தலை ஏறிக்கிட்டே போகுது சார். கூட்டம் எப்போ அதிகம்னு நோட்டம் பாத்திருக்கான்."

"எறும்பைக்கூட மிதிக்க மாட்டான் சார் என் பிள்ளை."

"எல்லா அம்மாவும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

அவன் மேசையிலிருந்த ஒரு தாளை இழுத்து நான்கு வரி எழுதி நீட்டினான். முதல்வர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். ஆனால் உத்தரவு முன்பே தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எதற்கும் ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று கையெழுத்தைப் போட்டார். டாக்டர் சான்றிதழ் வரும்வரை இடைநீக்கம்.

வீட்டில் மூன்று வாரம் அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பழைய தையலைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அம்மா மெஷினை நிறுத்தினாள்.

"சாப்பிடப் போகவே பயம்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

இந்த முறை அவள் காத்திருந்தாள்.

"சொல்ல வருவேம்மா. அதுக்குள்ள நீ போனை வச்சிருவ."

மெஷின் வெகுநேரம் ஓடவில்லை.

டாக்டர் அரை மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, 'கூச்ச சுபாவம். இவரால் எவருக்கும் ஆபத்தில்லை' என்று எழுதிக் கொடுத்தார். கல்லூரி சேர்த்துக்கொண்டது. தினமும் காலையில் பாதுகாப்பு அறையில் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டு கோப்பில் சேர்ந்துவிட்டதாம், திரும்பக் கிடைக்காது. டாக்டர் எழுதியதை யாரும் வகுப்பில் படித்துக் காட்டவில்லை. அதற்கெல்லாம் சுற்றறிக்கை கிடையாது.

திரும்பி வந்த அன்று, நோட்டு இல்லாத தைரியமோ என்னவோ, மதியம் ஒரு மணிக்கு முன்வாசல் வழியாகவே கேன்டீனுக்குள் நுழைந்தான். காது அடைத்தது. தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்தான். அவன் வகுப்பு ஆட்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்தான். இன்னொருவன், "லேப் இருக்குல்ல?" என்றான். நோட்டை எடுத்த பெண் பாதித் தட்டோடு எழுந்து போனாள். பக்கத்து மேசையும் அதற்கடுத்த மேசையும், பிறகு ஒவ்வொன்றாக மற்ற மேசைகளும் காலியாயின. அவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிஷம் ஆனது.

அக்கா டீயோடு வந்தாள். சுற்றிலும் பார்த்தாள், அவள் கண் கலங்கிவிட்டது.

"என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவன் தலையசைத்தான். வேறென்ன பேசுவதென்று தெரியாமல், பழைய வழக்கத்தில் அவள் கேட்டுவிட்டாள்.

"இன்னிக்கு எத்தனை தலை?"

வாழ்க்கையில் முதல்தடவையாக அவனுக்குப் பதில் உடனே வந்தது.

"என்னையும் சேத்து ஒண்ணுக்கா."