கல்லறைகளுக்கு விருந்தாளி

"கொஞ்சம் வழி விடுங்க... இதோ போயிடறேன்."

கூட்டமான ரயிலில் நகர்கிறவர் போல, இருபுறமும் தலை தாழ்த்திக்கொண்டே கல்லறைகளுக்கு நடுவே நடக்கிறார் கிகுயே. ஒரு கையில் தண்ணீர் வாளியும் அகப்பையும். மறு கையில் சிவப்பு மையால் வட்டமிட்ட வரைபடம். ஞாயிறு என்றால் டோக்கியோவின் யனாகா கல்லறைத் தோட்டம்தான். புகழ்பெற்றவர்களைத் தேடிப் பிடித்து, கல்லைக் கழுவி, நலம் விசாரித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போவார்.

அவரவருக்குப் பிடித்த தின்பண்டம் பையில் இருக்கும். படைத்த கையோடு எடுத்துத் தானே தின்றுவிடுவார். விட்டுவைத்தால் காக்கை கிழித்துப் போட்டுவிடும். நீரிழிவில் இறந்த நாவலாசிரியரிடம் மட்டும் பயற்றுப் பணியாரத்தை நீட்டி உடனே இழுத்துக்கொள்வார்.

"பாத்தாச்சில்ல? போதும். உங்க உடம்புக்கு ஆகாது."

கிகுயேவும் கணவர் ஷோஜியும் பொதுக் குளியலகம் நடத்தியவர்கள். வாசலில் உட்கார்ந்து ஊர் வம்பு கேட்பது கிகுயே. பின்கட்டில் கொதிகலனுக்கு விறகு போடுவது ஷோஜி. போன டிசம்பரில் ஷோஜி இறந்தார். அஸ்திக் கலசம் இன்னும் வீட்டில், கணப்பு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் புதைக்கப் புத்தர் கோயிலில் குடும்பக் கல்லறை காத்திருக்கிறது. ஊரார் கல்லையெல்லாம் கழுவுகிறவர் அந்தப் பக்கமே போவதில்லை.

மின்தூக்கிப் பொறியாளரான மகள் மிசாவோ இன்று கூடவே வந்தது அதற்குத்தான். முதலாண்டு நினைவு நாளிலாவது அப்பாவை அடக்கம் செய்ய அம்மா சம்மதிக்க வேண்டும்.

"கோயில்ல தேதி கேக்கறாங்கம்மா."

"கேக்கட்டும். கல்லுக்கு அடியில எவ்வளவு சில்லுனு இருக்கும்? அடுப்பு முன்னாடியே கெடந்த மனுஷன்டி அவரு."

மண்ணின் வெப்பநிலை பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி மிசாவோ நிறுத்திக்கொண்டாள். கலசம் இருக்கும் அறையை விட்டு எழ அவளுக்கும் மனம் வராத மாலைகள் உண்டு.

அன்றைய வட்டம், கத்திச்சண்டைப் பட நடிகர் கசாமா. 'கசாமா குடும்பம்' என்று பொறித்த கல்லைக் கண்டதும் கிகுயே வாளியை இறக்கினார். "அந்த மீசைக்காகவே எத்தனை தடவை பாத்திருப்பேன்!" என்று கொஞ்சிக்கொண்டே கல்லின் முகப்பை நீராட்டித் தேய்த்தார்.

"அங்க மீசை வச்சவங்க யாரும் இல்லீங்க."

பின்னால் பூங்கொத்தோடு ஒரு முதியவர். "என் பொண்டாட்டிதான் இருக்கா. நடிகர் அடுத்த வரிசை."

கல்லில் குடும்பப் பெயர் மட்டும் பொறிக்கிற ஊரில் நேர்கிற பிழைதான். கிகுயே இடுப்பு வரை வளைந்தார். "ஐயையோ, வீட்டம்மாவைப் போய் மீசைன்னு..."

"விடுங்க, சிரிச்சிருப்பா. நான் முதுகு தேச்சா இன்னும் அழுத்துங்கம்பா. நீங்க நல்லாத் தேச்சீங்க."

முதியவர் பூவை வைத்துவிட்டு, தண்ணீர் படாத பக்கமாகச் செய்தித்தாளை விரித்து, கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். "வெயில் வந்துட்டா இங்க இருக்கற கதகதப்பு எங்க வீட்டுல கிடையாது."

கிகுயே நடிகரை மறந்தே போனார். "தொட்டுப் பாக்கலாமா?"

"தாராளமா."

கிகுயே கையுறையைக் கழற்றினார். தொட்டித் தண்ணீரில் சூடு பார்ப்பது போல, புறங்கையைக் கல்லில் வைத்தார். பிறகு மண்டியிட்டு, கல் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் வைத்தார். அந்தக் கையை எடுக்காமலே, மறு கையால் மிசாவோவின் கையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் வைத்து அழுத்தினார்.