மாதா வந்த வாரம்

குடும்பங்களில் விசுவாசம் தழைக்க வேண்டுமென்று, மகளின் கான்வென்ட் பள்ளியில் மாதா சுரூபத்தை வாரம் ஒரு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தினமும் வீட்டோடு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி, கூடவே வரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்களுக்கு முந்தின வாரம், ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய ஓர் இந்துக் குடும்பத்தில் இருந்தாள் மாதா. மல்லிகைச் சரத்தோடு வந்து இறங்கினாள். நோட்டைத் திறந்தால் ஏழு நாளும் கையெழுத்து! எனக்கு எரிச்சல். ஞானஸ்நானம் வாங்கியவன் நானல்லவா?

திங்கள் முதல் புதன்வரை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று தப்பித்தேன். வியாழனன்று மகள் பிடித்து உட்கார வைத்தாள். ஜெபமாலையில் கிழமைக்கு ஒரு தேவ ரகசியத்தைத் தியானிக்க வேண்டும்; அன்றைக்கு எது என்று எனக்கும் தெரியவில்லை, மனைவிக்கும் தெரியவில்லை. மானத்தை விட்டு அந்த இந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"வியாழக்கிழமை ஒளியின் தேவ ரகசியம் லா, அண்ணே," என்றார் யோசிக்காமல். "நாங்க இன்னும் விடல. ஸ்பீக்கர்ல போடுங்க, சேர்ந்தே சொல்லிடலாம்."

ஒவ்வொரு ஜெபத்திலும் அவர் முன்பாதியைச் சொல்ல, நாங்கள் பின்பாதியைச் சொன்னோம். முடிந்ததும் கம்பீரமாகப் பேனாவை எடுத்தேன். மகள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு அங்கிள்தான்பா சைன் பண்ணணும்."