பெரியம்மாவின் ஹேண்ட் பிரேக்

நடுவட்டத்துக்குக் கீழே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே போகும் மண் பாதையில் காலையில் ஒரு இருமல் சத்தம் கேட்டால், கொழுந்து எடுக்கும் பெண்கள் தலை நிமிராமலே சொல்வார்கள்: "பெரியம்மா வந்தாச்சு."

பெரியம்மா என்பது வாசுகியின் பிக்கப் வண்டி. அந்தப் பக்கம் ஓடும் சின்ன வண்டிகளைவிட நீளமும் அகலமும் கூடியது. சமவெளியில் காய்கறி மூட்டை சுமந்து பழகிய உடம்பு. குளிரில் கிளம்ப அடம்பிடிக்கும், ஏற்றத்தில் முனகும், எல்லாரையும் காக்க வைக்கும், கடைசியில் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். விசேஷ வீட்டுக்கு வருகிற பெரியம்மா போலவே இருக்கிறது என்று, கொழுந்துக்குப் போகிற வேலாமணிதான் அந்தப் பெயரை வைத்தாள்.

வாசுகியின் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வந்த இடத்திலும் தேயிலைதான். வாசுகியும் பத்தாவது முடித்த கையோடு கொழுந்துக்குப் போனாள். பல வருஷம் அவள் கண்ணுக்கு முன்னால் இருந்தது செடியின் மேல்மட்டம் மட்டுமே. பாதையில் போகும் வண்டிகளைச் சத்தத்தால் அறிவாளே தவிர, ஒரு நாளும் அவற்றில் ஏறி ஸ்டியரிங் பிடிப்போம் என்று நினைத்ததில்லை. பழைய வண்டியை வாங்கியது அவள் கணவன் சசிதரன், தான் ஓட்டுவதற்காக. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் ஒன்றும் செய்யாத வளைவுகள், ஓட்டினால் அவனுக்குத் தலையைச் சுற்ற வைக்கின்றன என்று. இரண்டு கொண்டை ஊசிக்கு ஒரு தடவை வண்டியை ஓரம் கட்டி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நிற்பான். அவன் தேயிலை ஃபேக்டரி வேலைக்குத் திரும்பிப் போனான். வாசுகி ஸ்டியரிங் பிடித்தாள்.

சிறு தோட்டக்காரர்களின் பச்சை இலையை மூட்டை மூட்டையாக ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டு போவது அவள் தொழில். போகும்போதும் வரும்போதும் மூட்டைகளின் மேல் கொழுந்துப் பெண்கள் உட்கார்ந்துகொள்வார்கள். வண்டியின் நோய்கள் எல்லாருக்கும் மனப்பாடம். இடது கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். மழைக் காலத்தில் கண்ணாடி பாதியில் நின்றுவிடும். குளிர்ந்த இன்ஜின் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு தடவை அணைந்துவிட்டுத்தான் மறுபடி உயிர் பெறும். இவை எதையும் வாசுகி குறையாக எண்ணவில்லை. நல்லது கெட்டது தெரிந்த ஒரு ஆளோடு போவது போல அதனோடு போனாள்.

அங்கே மேகம் மேலிருந்து மட்டும் வராது. கூடலூர்ப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஏறியும் வரும். வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளை ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஓடுவது மேகமா வண்டியா என்று உடம்புக்குத் தெரியாமல் போகும். நின்ற வண்டி, யாரும் கேட்காமலே, தேயிலைக்கு மேலே மெல்ல மிதந்து போவது போல இருக்கும். இலையை எடை போட்டு முடியும் வரை வாசுகி கண்களைப் பாதி மூடி அந்த மிதப்பில் கிடப்பாள். ஒரு நாளில் அவளுக்கென்று கிடைத்த நேரம் அது.

அந்த மலையில் வண்டியை நிறுத்துவது ஒரு ஆள் செய்யும் வேலை அல்ல. ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்துப் பிடிப்பார். கூட வருகிறவர் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்கு அடியில் கற்பூர மரக் கட்டையைச் செருகுவார். கட்டை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் பெடலை விட்டுக் கால் வரும். ஹேண்ட் பிரேக்கையும் இழுப்பார்கள், கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வது போல. பெரியம்மாவுக்குக் கட்டை வைப்பது வேலாமணி. தூக்கத்தில் எழுப்பினாலும் வைப்பாள்.

கோடை மழை பெய்து கொழுந்து பொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், வண்டியின் முதல் சொந்தக்காரர் வெள்ளியங்கிரி மேட்டுப்பாளையத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, அந்த வண்டி இன்னும் ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க."

"அட! எங்கிட்ட இருக்கறப்பவே வாரத்துல ஒரு நாள் படுத்துக்குமுங்க. அது கெடக்கட்டும். கம்பெனிக்காரன் என்ர போனுக்கு மெசேஜ் மேல மெசேஜா அனுப்பிட்டிருக்கானுங்க. லோன் குடுக்கறவன்னு நெனச்சு அழிச்சுப்போட்டுட்டே இருந்தனுங்க. நேத்து மருமவ படிச்சுப் பாத்துட்டு, மாமா இது உசுரு சமாச்சாரம்னு சொல்லுது. ஹேண்ட் பிரேக்குல ஏதோ கோளாறாமா. நம்பர் தாரேன், பேசிப்போடுங்க."

வாசுகி கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்குப் பேசினாள். பிரசாத் என்று ஒருவர் எடுத்தார். வண்டி நம்பரைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஆமாங்க மேடம், இந்த வண்டியும் ரீகால்ல, அதாவது கம்பெனி சரிபண்ணித் தரத் திரும்பக் கூப்பிட்ட லிஸ்ட்ல இருக்கு. அந்த வருஷம் வந்த வண்டிங்கள்ல ஹேண்ட் பிரேக் கேபிள் முனையில இருக்கிற கிளிப் ஈரத்துல துருப்பிடிச்சுக் கழண்டுக்குது. லீவரை இழுத்தா டைட்டாத்தான் இருக்கும், சக்கரத்தைப் பிடிக்காது. நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம், கம்பெனியே மாத்திக் குடுக்கும். ஆனா ரெண்டு மூணு நாள் வண்டி இங்க நிக்கணும்."

"இப்பவே வரணுங்களா? கொழுந்துக் காலமுங்க."

"ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. நல்ல சரிவுல நிறுத்தி, நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துட்டுக் காலை எடுங்க. லேசா நகர்ந்தாலும் ஆளை ஏத்தாம நேரா இங்க வந்துடுங்க."

இரண்டு மூன்று நாள் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். பறித்த இலை காத்திருக்காது. சாக்குக்குள் சூடேறிக் கறுத்துவிடும். ஒரு நாள் வண்டி வராவிட்டால் தோட்டக்காரர்கள் அடுத்த வண்டியைக் கூப்பிட்டாக வேண்டும். அந்த அடுத்த வண்டி இசக்கிமுத்துவுடையது. பாதை முனை டீக்கடையில் நின்றபடி, பெரியம்மா ஏறி வரும் போதெல்லாம், "என்ன தங்கச்சி, இன்னைக்கும் உசுரோடதான் இருக்கா?" என்று கேட்பவர். அவர் கைக்கு ஒரு தடவை போன இலை ஏற்றும் லைன் திரும்பி வராது. லைன் போய்விட்டால் வாசுகிக்கு மறுபடி செடியின் மேல்மட்டம்தான்.

அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வருகிறவர்களிடம் ஹேண்ட் பிரேக் கதையைச் சொல்லி எதற்குப் பயத்தைக் கிளப்புவது? முதலில் சோதித்துப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

பாலாமணி தோட்டத்து ஏற்றம் அந்த லைனிலேயே செங்குத்தானது. அன்று மத்தியானம் மேகம் அடர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. அங்கே வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, லீவரை இழுத்தாள். காலை மெதுவாக எடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை விலகி விலகிப் போனது. வண்டி பின்னால் போவது போலவும் வானத்தில் ஏறுவது போலவும் வயிறு சொன்னது. அவள் வயிற்றை நம்பவில்லை. பாதையோரத்து சில்வர் ஓக் மரத்தின் மேலிருந்த ஒரு வெட்டுத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தழும்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

பெரியம்மா நின்றாள்.

அதன் பிறகு வந்த நாட்களில் வாசுகியின் மிதப்பில் ஒரு புது சுகம் சேர்ந்தது. கீழே யாரோ வண்டியைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற நிம்மதி. இத்தனை வருஷமாகப் பெடலிலேயே இறுகிக் கிடந்த வலது கால் இப்போது லீவரை இழுத்ததும் தானாகத் தளர்ந்தது. பிரசாத் மறுபடி கூப்பிட்டபோது, "பிடிக்குதுங்க, சீசன் முடிஞ்சு வரேன்," என்றாள்.

அடுத்த வாரம் அதே ஏற்றத்தில்தான் நடந்தது. மூட்டைகளை ஏற்றியாகிவிட்டது. பெண்கள் மேலே உட்கார்ந்து யாருடைய மருமகளைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் கிளம்பியது. "போலாங்க்கா," என்று வாசுகி குரல் கொடுத்தாள். வேலாமணி கட்டையை உருவி எடுத்துக்கொண்டு பின்னால் தொற்றி ஏறினாள். வழக்கம் போல இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு அணைந்தது. லீவர் இழுத்தபடிதான் இருந்தது. காலை எடுத்துவிட்டு வாசுகி மறுபடி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடிக்கவில்லை.

வெளியே வெள்ளை நகர்ந்தது. மேகம் ஓடுகிறது என்று நினைத்தாள். அழகாகத்தான் இருந்தது. சத்தமே இல்லை. தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து வந்து, அவளைத் தாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தன. ஏதோ ஊர்வலம் போவது போல. சில்வர் ஓக் மரம் வந்தது. அதன் தழும்பும் அவளைத் தாண்டி முன்னால் போனது.

மேகம் போகும், மரம் போகாது.

அவள் பிரேக்கின் மேல் ஏறி நின்றாள். இன்ஜின் ஓடாத வண்டியில் பெடல் பாறை போல இருந்தது. முழுப் பாரத்தையும் கொடுத்து, ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்தாள். வண்டியின் பின்புறம் மேட்டுப் பக்க மண் சுவரில் பொத்தென்று சாய்ந்து நின்றது. மறுபக்கத்தில் பாதை முடிந்து பள்ளம் தொடங்கும் இடம் மேகத்துக்குள் இருந்தது.

"ஏம் புள்ள, ரிவர்ஸ் எடுக்கறதுன்னா சொல்லிட்டு எடுக்க மாட்டியா? வெத்தலைய முழுங்கிட்டேன்," என்றாள் வேலாமணி மேலிருந்து. பெண்கள் சிரித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வாசுகி காலை எடுக்காமலே சொன்னாள். "அக்கா, இறங்கிக் கட்டையை வை. எல்லாரும் இறங்குங்க."

கட்டை விழுந்த சத்தம் கேட்டது. அவள் கீழே இறங்கினாள். வேலாமணியைத் தனியே கூப்பிட்டாள்.

"போன வாரம் இதே இடத்துல வண்டிய நிறுத்திட்டு உள்ளேயே உக்காந்திருந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"சாமி வந்தவ மாதிரி அந்த மரத்தையே பாத்துட்டு இருந்தியே, அன்னிக்குத்தானே? இருக்கு."

"அன்னிக்குக் கட்டை வச்சியா?"

வேலாமணிக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. "நான் என்னிக்கு வைக்காம இருந்திருக்கேன்?"

வாசுகி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேலாமணி சக்கரத்துக்கு அடியில் இருந்த கட்டையைப் பார்த்தாள். பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருக்க மாட்டேனே, புள்ள," என்றாள். கோபமாக இல்லை. வாசுகிக்கு அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

மூட்டைகளுக்குள் இலை சூடேறத் தொடங்கியிருந்தது. வாசுகி போனை எடுத்து இசக்கிமுத்துவைக் கூப்பிட்டாள். அவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கடைசில பெரியம்மா படுத்துட்டாளா? சரி, ஏத்துங்க."

"அண்ணே, ஆளுங்க ஏறுறதுக்கு முன்னாடி உங்க ஹேண்ட் பிரேக்கையும் பாத்துடுங்க. கட்டை இல்லாம."

"எனக்கே பாடமா?" என்றார். ஆனால் பெண்கள் யாரும் ஏறாமல் நிற்பதைப் பார்த்து வண்டிக்குள் போனார். வேலாமணி அவர் வண்டிக் கட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எட்டி நின்றாள். அவருடைய வண்டி முளை அடித்தது போல நின்றது. "பாத்துக்க தங்கச்சி," என்று மீசையைத் தடவிக்கொண்டார். வாசுகிக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த வண்டியும் நகர வேண்டும் என்று மனசின் ஒரு மூலையில் தான் ஆசைப்பட்டது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மூட்டைகளும் பெண்களும் அந்த வண்டியில் மேகத்துக்குள் போனார்கள். வாசுகி பெரியம்மாவோடு தனியாக நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் சசிதரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காலி வண்டியைச் சின்ன கியரிலேயே உருட்டி இறக்கினாள். நிறுத்திய இடத்திலெல்லாம் அவன் இறங்கிக் கட்டை வைத்தான். கோயம்புத்தூரில் வண்டியைப் பார்த்ததும் பிரசாத், "ஹேண்ட் பிரேக் பிடிக்குதுன்னு சொன்னீங்களே மேடம்?" என்றார்.

"பிடிக்கலைங்க," என்றாள் வாசுகி. சாவியை நீட்டினாள்.

வண்டியை உயரத் தூக்கினார்கள். அதன் அடிவயிற்றை அவள் பார்த்ததே இல்லை. இரும்பின் இடுக்குகளில் எல்லாம் காய்ந்த தேயிலை ஒட்டியிருந்தது. மெக்கானிக் கேபிளைத் தொட்டதும் அதன் முனை தானாகக் கீழே தொங்கியது. கிளிப் இருந்த இடத்தில் சிவப்புப் பொடி மட்டும் இருந்தது.

வண்டி தயாரான அன்று வேலாமணி போனில் கூப்பிட்டாள். "பாலாமணி தோட்டமும் அதுக்குக் கீழ இருக்கிற தோட்டமும் இனி இசக்கிமுத்து வண்டிதானாம். சொல்லிட்டாங்க."

"மத்தவங்க?"

"நீ எப்ப வரேன்னு கேக்கறாங்க. பொம்பளைங்க நாங்க நடந்துதான் போறோம். அந்த ஆளு போடற பாட்டுச் சத்தம் காதக் கிழிக்குது."

சசிதரன் முந்தின நாளே பஸ்ஸில் திரும்பியிருந்தான். வாசுகி தனியாகத்தான் வந்தாள். மேட்டுப்பாளையம் தாண்டிப் பாக்குத் தோப்புகள் முடிந்து மலை தொடங்கியது. பர்லியாறுக்கு மேலே, பாதை அகன்று கிடந்த ஒரு ஏற்றத்தில் வண்டியை ஓரம் கட்டினாள். இன்ஜினை அணைத்தாள். நியூட்ரலில் போட்டு லீவரை இழுத்தாள். பெடலின் மேல் வெகுநேரம் காலை வைத்திருந்துவிட்டு எடுத்தாள்.

வெயில் பளிச்சென்று இருந்தது. சுவரோரத்தில் ஒரு குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அது இருந்த இடத்திலேயே இருந்தது. வாசுகி இறங்கிப் பின்னால் போய்ச் சக்கரத்தின் அடியைக் குனிந்து பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை, தார் ரோடு மட்டும்தான்.

மறுபடி ஏறி உட்கார்ந்தாள். பாலாமணி தோட்டத்துக்கு இனிப் போக வேண்டியதில்லை, அவசரமில்லை. கண்களைப் பாதி மூடிக்கொண்டு, நகராத வண்டிக்குள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.